நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? – வாசகர் கேள்வி பதில்

இருதுருவ மனநோயோடு (டாக்டர்கள் பைபோலார் என்பார்கள்) வாழ்வதைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய இரண்டு பக்கங்களுக்கு வந்த கடிதங்களை, ஆசிரியர் குழுவினர் ஒரு துணிப்பையில் போட்டு ஏற்காட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று நாட்கள் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் படித்தேன். பாதிக்கு மேற்பட்ட கடிதங்களில் பெயர் இல்லை. அதற்காக யாரும் கூச வேண்டாம். நானும் பதினோரு ஆண்டுகள், தெரிந்தவர் கண்ணில் படாத கடையாகத் தேடித்தான் மருந்து வாங்கினேன்.

அந்தப் பக்கங்களைப் படிக்காதவர்களுக்காகச் சில வரிகள். நான் மருத்துவர் அல்ல. கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 1994-ல் முதல் மனச்சோர்வு வந்தது. 1997 கார்த்திகையில், காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில், அதற்கு நேர்மாறான எழுச்சி வந்தது. ஐந்து இரவுகள் தூங்காமல் இருந்துவிட்டு, சீட்டுப் பணம் 22,000 ரூபாயை எடுத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்கு இறங்கினேன். என் வகுப்பின் 38 பெண் பிள்ளைகளுக்கும் வெள்ளிக் கொலுசு வாங்கினேன். உலகத்திலேயே தெளிவான மனம் எனக்குத்தான் வாய்த்திருக்கிறது என்று அன்று முழுமையாக நம்பினேன். அடுத்த சித்திரையில் தலைவாரக் கையைத் தூக்க முடியவில்லை. இரண்டும் ஒரே நோயின் இரண்டு முனைகள் என்று 1998-ல் ஒரு மருத்துவர் சொன்னார், லித்தியம் என்ற மாத்திரையைத் தொடங்கினார். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் நல்ல நாட்கள் உண்டு, நல்ல ஆண்டுகளும் உண்டு. அந்த நல்ல நாட்களில் என்ன செய்து வைக்கிறோம் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

கேள்வி: என் கணவருக்கு 36 வயது. விசைத்தறி ஓட்டுகிறார். இரண்டு வருடங்களுக்கு முன் பைபோலார் என்று டாக்டர் சொன்னார். நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். பொங்கல் ஆர்டர் நெருக்கடியில் இரண்டு வாரம் இரவு ஷிப்டு பார்த்தார். இப்போது நான்கு நாட்களாக இரண்டு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கிப் பழைய தறிகள் இரண்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். "எனக்கு ஒன்றுமில்லை, இப்போதுதான் என் மூளை வேலை செய்கிறது" என்கிறார். மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் கலந்து கொடுத்துவிடலாம் என்கிறார் என் மாமியார். செய்யலாமா அம்மா? (பெயர் வேண்டாம், அம்மாபேட்டை)

வேண்டாம், மகளே. இதை மட்டும் செய்யாதீர்கள். 1997-ல் என் வீட்டில் அதைச் செய்தார்கள், அன்பினால்தான் செய்தார்கள். ரசம் குடித்த டம்ளரின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். அதன் பிறகு ஒரு வருடம் அந்தக் கை பரிமாறிய எதையும் என்னால் நம்பிச் சாப்பிட முடியவில்லை. வாழைப்பழத்தை நானே உரித்தும், தேங்காயை நானே உடைத்தும் தின்றேன். அளவு தெரியாமல் உடலுக்குள் போகும் மருந்தின் ஆபத்து தனி.

அவரோடு வாதாடவும் வேண்டாம். எழுச்சியில் இருப்பவரிடம் "உங்களுக்கு நோய்" என்றால், தன்னை மட்டம் தட்டுவதாகத்தான் அவருக்குக் கேட்கும். ஒருவர் மட்டும், தணிந்த குரலில், சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசுங்கள். தறி வாங்கியது சரியா தவறா என்ற பேச்சையே எடுக்காமல் தூக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். "நான்கு நாட்களாகத் தூக்கமில்லையே, அதற்கு மட்டும் டாக்டரைப் பார்த்துவிட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள். நோயை ஒப்புக்கொள்ளாத பலர் தூக்கமில்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள். இதில் பொய்யும் இல்லை. தூக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவதுதான் மருத்துவர் முதலில் செய்யும் வேலை. அவர் மதிக்கும் ஒருவர், தறிப் பட்டறை முதலாளியோ பெரியப்பாவோ, கூட வந்தால் நல்லது. இதை அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்துக்குப் பணம் வாங்குவதில்லை. அவர் வர மறுத்து, அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால் 108-ஐ அழையுங்கள். அப்படிப்பட்ட நேரத்தில், மருத்துவர்கள் பரிசோதித்துத் தேவை என்று முடிவு செய்தால், நோயாளியின் பிரதிநிதி கேட்டுக்கொள்வதன் பேரில் 30 நாட்கள் வரை உள்நோயாளியாக வைத்துக்கொள்ள 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது. கட்டிப்போடவோ அடைத்துவைக்கவோ வீட்டில் யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

முன்பணம் வாங்கியவரிடம் நாள் கடத்தாமல் நேரில் போய்ப் பேசுங்கள். எனக்குக் கொலுசு விற்றவர் என் கணவர் சொன்னதைக் கேட்டுப் பாதிக்கு மேல் திரும்ப எடுத்துக்கொண்டார். தன் நன்மை தீமையைச் சீர்தூக்கிப் பார்க்க இயலாத மனநிலையில் ஒருவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். ஆகவே மருத்துவமனைச் சீட்டுகளில் ஒன்றைக்கூட எறியாதீர்கள்.

இனி இரவு ஷிப்டு. தறியோடு வாழும் எந்தக் குடும்பத்தையும் கையைப் பிடித்துக்கொண்டு நான் கேட்பது இதுதான். இந்த நோய் இருப்பவரை இரவு ஷிப்டுக்கு அனுப்பாதீர்கள். தூக்கம் குறைவது எழுச்சியின் அறிகுறி மட்டும் அல்ல. எழுச்சியைக் கிளப்பிவிடுவதும் அதுதான். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறிப் போகும்போது உடலுக்குள் இருக்கும் கடிகாரம் குழம்புகிறது. மற்றவர்களுக்கு அது அசதியோடு போய்விடும். எங்களுக்குப் போகாது. கூலி சற்றுக் குறைந்தாலும் பகல் ஷிப்டு மட்டும் கேட்டு வாங்குங்கள். ஒரு லட்சம் வட்டியோடு ஒப்பிட்டால் அந்தக் குறைவு பெரிதில்லை.

அவர் தேறிய பிறகு, இரண்டு மாதம் கழித்து, இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். என் பீரோவில் அப்படி ஒரு தாள் இருக்கிறது, என் கையெழுத்தில். "தொடர்ந்து இரண்டு இரவுகள் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால், நான் மறுத்தாலும் என்னை என் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வங்கி அட்டையை என் தங்கை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். இரவு எட்டு மணிக்கு மேல் கைப்பேசி என்னிடம் வேண்டாம்." அடையாளங்களையும் எழுதியிருக்கிறேன். எனக்கு எழுச்சி தொடங்கும்போது கரும்பலகையில் எழுத்து பெரிதாகிவிடும். பின் பெஞ்சுப் பிள்ளைகளுக்கு அது வசதியாக இருந்தது. என் கணவருக்குத்தான் அதன் பொருள் தெரிந்தது. உங்கள் கணவருக்கு எது முதல் அடையாளம் என்று உங்களைவிட யாருக்கும் தெரியாது. சிகிச்சை எப்படி வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதையும், தனக்காகப் பேச ஒருவரை நியமிப்பதையும் நான் சொன்ன அதே சட்டம் உரிமையாக்கியிருக்கிறது. முறையாகச் செய்வது எப்படி என்று மருத்துவமனையில் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 51 வயது. நான்கு வருடங்களாக லித்தியம் சாப்பிடுகிறேன். ஆடி மாதம் மாரியம்மனுக்கு உப்பில்லா விரதம் இருப்பது எங்கள் வீட்டு வழக்கம். சென்ற ஆடியில் விரதத்தின் நடுவில் கை கடுமையாக நடுங்கியது, பேதியானது, நாக்குக் குழறியது. விரதத்தில் குறை வைத்ததால் அம்மன் கோபம் என்றார்கள். டாக்டர் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிட்டது என்றார். வரும் ஆடியில் என்ன செய்வது? (வாசகி, குகை)

டாக்டர் சொன்னது சரி. அம்மனுக்கு உங்கள்மேல் கோபம் இல்லை, அம்மா.

லித்தியம் என்பது ஓர் உப்பு. நம் கருப்பூர்ப் பக்கம் தோண்டி எடுக்கும் மாக்னசைட்டைப் போல, அதுவும் பாறையிலிருந்தும் உப்புநீரிலிருந்தும் கிடைக்கும் பொருள். எழுச்சியை அது தணிக்கிறது என்பதை 1949-ல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் எழுதினார். சிறுநீரகம் லித்தியத்தையும் சோற்றுப்பையும் ஏறக்குறைய ஒன்றாகவே நடத்துகிறது. சாப்பாட்டில் உப்பு நின்றுபோனால், இருக்கிற உப்பையாவது காப்பாற்றுவோம் என்று சிறுநீரகம் இறுக்கிப் பிடிக்கும். அதோடு சேர்த்து லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். அதே மாத்திரை, அதே அளவு. ரத்தத்தில் மட்டும் ஏறிவிடும். நீண்ட நாள் எடுப்பவர்களுக்குப் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைக்கப் பார்ப்பார்கள். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. நீங்கள் பட்டது அதன் தொடக்கம்தான். இன்னும் ஏறியிருந்தால் நினைவு தப்பியிருக்கும்.

ஆகவே உப்பில்லா விரதம் உங்களுக்குக் கூடாது. தண்ணீர் குடிக்காத விரதமும் கூடாது. கூழ் ஊற்றுங்கள், பொங்கல் வையுங்கள், மஞ்சள் புடவை கட்டுங்கள். உப்புக்குப் பதிலாக வேறொன்றை அம்மனுக்கு விடுங்கள். நான் காப்பியை விட்டேன். காப்பித் தோட்டத்து நடுவில் வாழ்பவளுக்கு அது சின்ன விரதம் அல்ல. ஆனால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு விடுங்கள், காப்பியைச் சட்டென்று நிறுத்தினாலும் லித்தியம் சற்று ஏறும். பூச்சாட்டு நாட்களில் விடிய விடியக் கோயிலில் இருக்க வேண்டாம். முன்மாலையில் கும்பிட்டுவிட்டு வந்து படுத்துவிடுங்கள்.

ஆடி மட்டும் அல்ல. சேலத்துச் சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டினாலும் இதே கதைதான். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றிவிடும். ரத்தக் கொதிப்புக்குத் தரும் சில மாத்திரைகளும் அப்படியே. எந்த மருத்துவரிடம் போனாலும், பல் டாக்டரிடம் போனாலும்கூட, லித்தியம் சாப்பிடுகிறேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வாந்தியோ பேதியோ வந்தால் அன்றைக்கே மருத்துவரைக் கேளுங்கள், அடுத்த வேளை மாத்திரையை விழுங்குவதற்கு முன்பாக. ரத்தத்தில் லித்தியம், தைராய்டு, சிறுநீரகம் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் கொடுக்கும் ரத்தத்தில்தான் லித்தியத்தின் சரியான கணக்குத் தெரியும்.

கேள்வி: மாத்திரை சாப்பிடும்போது விசேஷ நாட்களில் மட்டும் கொஞ்சம் மது எடுத்துக்கொள்ளலாமா? (வாசகர், ஓமலூர்)

வேண்டாம். அது தூக்கத்தைக் கெடுக்கும், மருந்தோடும் மோதும்.

கேள்வி: என் மகளுக்கு 25 வயது. 21 வயதில் எழுச்சி வந்து 18 நாட்கள் மருத்துவமனையில் இருந்தாள். வால்புரோயேட் மாத்திரையில் மூன்று வருடங்களாக நன்றாக இருக்கிறாள், வேலைக்கும் போகிறாள். ஈரோட்டிலிருந்து நல்ல சம்பந்தம் வந்திருக்கிறது. "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும், இப்போது வாயைத் திறக்காதே" என்கிறார்கள் நாத்தனார்கள். சொன்னால் இனி வரனே வராது என்று பயமாக இருக்கிறது. (ஒரு தாய், ஆத்தூர்)

கல்யாணத்தால் இந்த நோய் சரியாகாது. முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு எந்த மணப்பெண் தூங்கியிருக்கிறாள்? அந்தத் தூக்கக் கேடும், புது வீடும், யாருக்கும் தெரியாமல் மாத்திரையை எங்கே வைத்து விழுங்குவது என்ற பதற்றமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மறைத்து முடித்த கல்யாணங்களில் பெண் முதலில் நிறுத்துவது மாத்திரையைத்தான். உங்கள் மகள் மூன்று வருடங்களாகக் கட்டிக் காத்ததை முதல் மாதத்திலேயே கைவிடச் சொல்கிறார்கள் அந்த நாத்தனார்கள். ஏமாற்றிச் சம்மதம் பெற்றார்கள் என்று மணத்தை ரத்து செய்யக் கோரும் வழி இந்துத் திருமணச் சட்டத்தில் இருக்கிறது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஜாதகம் பொருந்திய பிறகு, நிச்சயத்துக்கு முன், மகளே அந்தப் பையனிடம் நேரில் சொல்லட்டும். தரகர் வழியாகச் சொல்ல வேண்டாம். அழுதுகொண்டும் சொல்ல வேண்டாம். எனக்கு இது இருக்கிறது, இந்த மாத்திரை சாப்பிடுகிறேன், இத்தனை நாட்களாக நன்றாக இருக்கிறேன், என் மருத்துவரை நீங்களும் வந்து பார்க்கலாம் என்று நிமிர்ந்து சொல்லட்டும். சில வரன்கள் போய்விடும். உண்மைதான், வலிக்கும். நின்று கேட்கிறவன் ஒருவன் போதும்.

ஆனால் வரனைவிட அவசரமான விஷயம் ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. வால்புரோயேட் கருவில் இருக்கும் குழந்தைக்குக் கெடுதல் செய்யும் மருந்து. கர்ப்ப காலத்தில் அதை எடுத்த தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வருகிறது; முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போவது அதில் ஒன்று. பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்குப் பேச்சும் படிப்பும் பின்தங்குகின்றன. கரு உண்டானது தெரிவதற்குள் முதுகுத்தண்டு உருவாகி முடிந்திருக்கும். ஆகவே கல்யாணத் தேதி குறிக்கும் முன்பே மனநல மருத்துவரிடம் போய், வேறு மருந்துக்கு மாற வேண்டுமா என்று கேளுங்கள். அவசரப்பட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் அவளை வீழ்த்திவிடும். மாற்றம் படிப்படியாக நடக்க வேண்டும். புது மருந்தில் அவள் நிலையாக இருக்கிறாளா என்று பார்க்கச் சில மாதங்கள் தேவை.

பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள்தான் இந்த நோய் உள்ள பெண்ணுக்கு மிக ஆபத்தானவை. நம் வழக்கப்படி அவள் தாய் வீட்டுக்குத்தானே வருவாள்? அப்போது பத்தியச் சாப்பாட்டைவிட முக்கியமான வேலை ஒன்று உங்களுக்கு இருக்கிறது. இரவில் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் தொடர்ந்து ஆறு மணி நேரமாவது தூங்க வேண்டும்.

கேள்வி: நான் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம் படிக்கிறேன். அப்பாவுக்கு பைபோலார். சென்ற கோடை விழாவின்போது ஏற்காடு பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அப்பா டிக்கெட் எடுத்தார், சத்தமாகப் பாடினார். என் நண்பர்களும் அதே பஸ்ஸில் இருந்தார்கள். அன்றிலிருந்து அப்பாவிடம் நான் சரியாகப் பேசுவதில்லை. எனக்கும் இது வருமா டீச்சர்? (மாணவன், கன்னங்குறிச்சி)

கண்ணு, முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்கு வரலாம். அதாவது தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. பெரும்பாலும் உன் வயதிலிருந்து இருபத்தைந்துக்குள்தான் தலைகாட்டும். எனக்குச் சற்றுத் தாமதமாக, 28 வயதில் வந்தது. ஆகவே இந்தச் சில வருடங்கள் தூக்கத்தைக் காத்துக்கொள். பரீட்சைக்கு முந்தைய வாரம் விடிய விடியப் படிக்கும் பழக்கத்தை விடு. கஞ்சாவின் பக்கம் போகவே போகாதே. உன்னைப் போன்ற பிள்ளைகளுக்கு அது இரட்டை ஆபத்து. சில நாட்கள் தூங்காமலும் களைப்பே இல்லாமல் இருந்தால், அல்லது இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல் போனால், ஒளிக்காமல் ஒரு மருத்துவரிடம் சொல்.

அப்பாவைப் பற்றி. நான் கொலுசு வாங்கிக்கொண்டு வந்தபோது என் மகளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூட வாசலில் மற்ற அம்மாக்கள் சிரித்தது அவளுக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவள் என்னோடு பேசத் தொடங்கியது, நான் அவளிடம் மன்னிப்புக் கேட்ட பிறகு அல்ல. ஒரு நாள் என் நோட்டுப் புத்தகத்தை அவளே எடுத்துப் பார்த்தாள். பழைய வருகைப் பதிவேட்டைப் போலக் கட்டம் போட்டு, தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினேன், மனம் எப்படி, மாத்திரை போட்டேனா என்று 1999 முதல் குறித்து வருகிறேன். அம்மா இவ்வளவு பாடுபடுகிறாள் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு சில மாதங்கள் அவளே கேட்டுக் கேட்டு அதில் எழுதினாள். உன் அப்பாவும் இப்போது ஏதோ ஒரு வகையில் பாடுபட்டுக்கொண்டுதான் இருப்பார். பஸ்ஸைப் பற்றிப் பேச வேண்டாம். "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் அப்பா?" என்று காலையில் கேள். அவர் பதில் சொல்வார்.

கேள்வி: 44 வயது. வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறேன். எட்டு வாரங்களாகப் பட்டறையில் உட்கார முடியவில்லை. காலையில் ஏன் கண் விழித்தோம் என்று இருக்கிறது. நான் இல்லாவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் பாரம் குறையும் என்று தோன்றுகிறது. போன வருடம் இதே நேரத்தில் இரவும் பகலுமாக மூன்று பேர் வேலையை ஒருவனே செய்தேன், களைப்பே தெரியவில்லை. அந்த ஆள் எங்கே போனான்? பக்கத்து கிளினிக்கில் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இன்னும் வாங்கவில்லை. (பெயர் இல்லை, முகவரி இல்லை)

தம்பி, உங்களுக்கு முகவரி இருந்திருந்தால் இந்தப் பதில் அச்சுக்குப் போகும் முன் நானே வந்திருப்பேன். இதைப் படித்து முடித்தவுடன் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை அது. இரவானாலும் பகலானாலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பிறகு வீட்டில் ஒருவரிடம், எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். "உடம்பு சரியில்லை" என்று மாற்றிச் சொல்லாதீர்கள். பட்டறைச் சாவியை இன்றே அவரிடம் கொடுத்துவிடுங்கள். சில வாரங்களுக்கு அங்கே தனியாக இருக்க வேண்டாம்.

நாம் இல்லாவிட்டால் பாரம் குறையும் என்ற அந்த வாக்கியம் எனக்கும் தெரியும். 1998 சித்திரையில் என் தலைக்குள் அது நாள் முழுவதும் ஓடியது. கணக்கு வாத்தியாரான எனக்கே அந்தக் கணக்குச் சரி என்று பட்டது. அது நோய் போட்ட கணக்கு. மருந்து வேலை செய்யத் தொடங்கிய ஏழாவது வாரம் அந்த வாக்கியம் நின்றுபோனதை நான் கவனிக்கவே இல்லை. பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடத்து அந்த ஆள் எங்கும் போகவில்லை. அவருக்கும் உடல்நிலை சரியில்லாமல் இருந்திருக்கலாம். மூன்று பேர் வேலை, தூக்கமின்மை, களைப்பின்மை. இதைக் கிளினிக்கில் சொன்னீர்களா? 1997-ல் நான் சொல்லவில்லை. சோர்வு போனதும் சில வாரங்கள் எனக்கு மிகுந்த உற்சாகம் வருவது நோயென்று யாருக்கும் தோன்றவில்லை. சோர்வுக்கு மட்டும் மாத்திரை தந்தார்கள். அதன் பிறகுதான் அந்தத் தூங்காத ஐந்து இரவுகள் வந்தன. இருதுருவ நோய் உள்ளவருக்குச் சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் எழுச்சிக்குத் தள்ளிவிடக்கூடும். உங்களுக்கு இந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். போன வருடத்தையும் சேர்த்து ஒரு மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். நாளையே போங்கள்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் இன்னொன்று சொல்கிறேன். இந்த இதழ் கடைக்கு வந்த பிறகு வரும் முதல் வியாழக்கிழமை எனக்கு ரத்தப் பரிசோதனை நாள். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் மலையிறங்கி, காலை எட்டு மணிக்கு நம் பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பேன். ரத்தம் கொடுத்த பிறகு புறநோயாளிச் சீட்டு எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பச்சை ஸ்வெட்டர், கையில் கோடு போட்ட நோட்டுப் புத்தகம். பெயர் சொல்ல வேண்டாம். வந்து பக்கத்தில் உட்காருங்கள். சீட்டு நான் வாங்குகிறேன்.